பாறைப் பிளவும் பார்வையின் இலக்கணமும்

ஓவியமோ வடிவமைப்போ கற்க வருபவர்களுக்குத் தொடக்கத்திலேயே ஒரு பட்டியல் கையில் கொடுக்கப்படுகிறது. கோடு, வடிவம், திரட்சி, வெளி, நிறம், ஒளிநிழல், மேற்பரப்பின் தன்மை ஆகியவை காட்சிக் கலையின் கூறுகள் என்றும், சமநிலை, தாளம், அளவு, முரண், முதன்மை, ஒருமை ஆகியவை அக்கூறுகளை இணைக்கும் நெறிகள் என்றும் அந்தப் பட்டியல் சொல்லும். பட்டியலில் பிழை இல்லை. ஆயினும் அதை மனப்பாடம் செய்த மாணவர் ஒரு படைப்பின் முன் நின்றதும் இவை ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடிக் கண்டுபிடித்து, கணக்கை முடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார். கலைஞர் எடுத்த முடிவுகளில் எது முதலில் வந்தது, அந்த முடிவு மற்றவற்றை எப்படிக் கட்டுப்படுத்தியது என்ற கேள்வி அவருக்கு எழுவதில்லை. என்னைக் கேட்டால் கலையைப் பார்ப்பதற்கு அந்த ஒரு கேள்விதான் சாவி. நூல்களின் பக்க வடிவமைப்பைத் தொழிலாகக் கொண்டிருக்கும் நான், இத்துறைக்குப் புதிதாக வருபவர்களிடம் இதை விளக்க நேரும்போதெல்லாம், அவர்களை மாமல்லபுரத்துக்கு அழைத்துச் சென்று அர்ச்சுனன் தபசுப் பாறையின் எதிரே நிறுத்துவதையே வழக்கமாகக் கொண்டிருக்கிறேன்.

ஏறத்தாழ 30 மீட்டர் நீளத்துக்கு விரியும் அந்தப் புடைப்புச் சிற்பத் தொகுதி, அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பெரும் கருங்கற் பாறைகளின் முகத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. பொ.ஆ. 7ஆம் நூற்றாண்டில், மாமல்லன் என்னும் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் காலத்தில் இது உருவானது என்பது பரவலான கருத்து. ஊரின் சிற்பங்கள் அனைத்தும் பிற்காலப் பல்லவ மன்னன் இராசசிம்மன் காலத்தவை என்று வாதிட்ட அறிஞர்களும் உண்டு. காட்டப்பட்டிருப்பது பாசுபதம் வேண்டி அர்ச்சுனன் செய்த தவமா, கங்கையைக் கொணரப் பகீரதன் செய்த தவமா என்பதும் நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கு. இரண்டு கதைகளையும் ஒருசேர நினைவூட்டுவதே சிற்பிகளின் நோக்கமாக இருந்திருக்கலாம் என்பவர்களின் பக்கமே நான் சாய்கிறேன். ஆனால் கதை எதுவாக இருப்பினும், நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்களைக் கொண்ட இத்தொகுதியின் அமைப்பை முடிவு செய்தது இரு பாறைகளுக்கும் நடுவே இயற்கையாக விழுந்திருந்த பிளவுதான்.

வேறொரு சிற்பக் குழுவாக இருந்திருந்தால் அந்தப் பிளவை ஒரு இடைஞ்சலாகக் கருதியிருக்கலாம். ஒரு பாறையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டிருக்கலாம். அல்லது பிளவின் இரு பக்கமும் தொடர்பில்லாத இரண்டு காட்சிகளை அமைத்திருக்கலாம். பல்லவச் சிற்பிகள் பிளவை ஆறாக்கினார்கள். கூப்பிய கைகளோடு மேல்நோக்கி நீந்திவரும் நாகராசனையும் நாகினியையும் அதற்குள் வைத்தார்கள். பாறையின் உச்சியில் நீர்த்தொட்டி இருந்ததற்கான அடையாளங்கள் உள்ளன; ஆகவே சிறப்பு நாள்களில் அந்தப் பிளவின் வழியே உண்மையாகவே நீர் இறங்கியிருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. கல் இல்லாத இடம் காட்சியின் நடுநாயகமாக ஆகிவிட்டது. வடிவமைப்புக் கூடங்களில் ‘நெகட்டிவ் ஸ்பேஸ்’ என்று நாள்தோறும் பேசப்படும் வெற்றுவெளிக்கு இதைவிடத் துணிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. உருவங்களை வைத்த பிறகு மிஞ்சிக் கிடப்பதுதான் வெளி என்ற எண்ணம் தொடக்க மாணவர்களிடம் ஆழமாக வேரோடியிருக்கும். இந்தப் பாறையில் வெளிதான் முதலில் இருந்தது. உருவங்கள் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தன.

உருவம், பின்புலம் என்ற இணையை டென்மார்க் உளவியலாளர் எட்கர் ரூபின் 1915இல் ஆராய்ந்து எழுதினார். ஒரு முறை பார்த்தால் பூச்சாடியாகவும், மறுமுறை பார்த்தால் எதிரெதிரே நோக்கும் இரண்டு முகங்களாகவும் தோன்றும் அவருடைய படத்தைப் பாடநூல்களில் பார்க்காதவர்கள் குறைவு. அந்தப் படத்தில் உருவமும் பின்புலமும் இடம் மாறிக்கொண்டே இருக்கும்; இரண்டையும் ஒரே கணத்தில் உருவமாகக் காண்பது கண்ணுக்கு அரிது. தபசுப் பாறையின் பிளவு இதே குணத்தைப் பெரிய அளவில் கொண்டிருக்கிறது. தொலைவிலிருந்து பார்க்கையில் அது இரு பாறைகளைப் பிரிக்கும் இருண்ட பின்புலம். அருகே வந்து நாகர்களைக் கண்டுகொண்ட பிறகு, ஆறு உருவமாகி முன்னே வர, இரு பக்கமும் உள்ள கூட்டம் அதன் கரைகளாகப் பின்வாங்குகிறது.

பிளவை நடுவில் வைத்ததும் அடுத்த முடிவு தானாகவே வந்துவிடுகிறது: எல்லாரும் அதை நோக்கித் திரும்ப வேண்டும். மேற்பகுதியில் இணை இணையாகப் பறந்துவரும் தேவர்கள், கந்தருவர்கள், பறவைக் கால்கள் கொண்ட கின்னரர்கள், கீழே நடந்துவரும் யானைகள் எனப் பாறையின் இரு கோடிகளிலிருந்தும் ஓட்டம் நடுவை நோக்கியே செல்கிறது. இங்கே உளவியலாளர் மாக்ஸ் வெர்ட்ஹைமரின் பெயரைச் சொல்ல வேண்டும். கண் எவற்றையெல்லாம் ஒரே கூட்டமாகச் சேர்த்துப் பார்க்கிறது என்பதை 1923இல் வெளிவந்த கட்டுரையில் அவர் வகுத்துக் காட்டினார். அருகருகே இருப்பவை சேரும், ஒத்த தோற்றமுடையவை சேரும், ஒரே திசையில் செல்பவையும் சேரும். மனிதர், விலங்கு, தேவர், நாகர் என்று தோற்றத்தில் எவ்வித ஒற்றுமையும் இல்லாத இத்தனை உருவங்களை ஒரே காட்சியாகக் கட்டிவைத்திருப்பது இந்த மூன்றாவது ஆற்றல்தான். பட்டியலில் ‘ஒருமை’ என்ற ஒற்றைச் சொல்லாக நிற்பது இங்கே ஒரு திசையாக வேலை செய்கிறது.

பறந்துவரும் இணைகளைக் கூர்ந்து கவனித்தால் தாளம் என்பதன் பொருளும் தெளிவாகும். ஒவ்வோர் உருவத்திலும் ஒரு கால் மடங்கிப் பின்னே செல்கிறது. உடல் சற்றே சாய்ந்து முன்னே வருகிறது. அந்தச் சாய்கோடு திரும்பத் திரும்ப வருகிறது. வெறும் திரும்ப வருதலாக மட்டும் இருந்தால் அச்சுப் போட்ட ஓரச்சித்திரம் போல ஆகிவிடும். ஆனால் கை எழும் உயரமும், இணையில் பெண் உருவம் ஒட்டி நிற்கும் நெருக்கமும், அடுத்த இணைக்கு விடப்பட்ட இடைவெளியும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒன்று நிலையாக இருக்க மற்றொன்று மாறுவதால்தான் கண் சலிப்பில்லாமல் நகர்கிறது. சிறகு ஒன்றுகூடச் செதுக்காமல் பறத்தலைக் காட்டியிருக்கிறார்களே என்று ஒரு மாணவி வியந்து சொன்னது நினைவிருக்கிறது. தேவர்களின் பறத்தல் முழுவதும் காலின் மடிப்பிலும் உடலின் சாய்விலும்தான் இருக்கிறது.

கோட்டைப் பற்றிப் பேச வேண்டுமானால் தவசியிடம் செல்ல வேண்டும். பிளவின் இடப்பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்று, இரு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தியிருக்கும் அந்த மெலிந்த மனிதரின் விலா எலும்புகள் ஒவ்வொன்றும் வரிகளாகத் தெரிகின்றன. சுற்றிலும் சாய்ந்தும் வளைந்தும் இருக்கும் உருவங்களுக்கு நடுவே அவர் மட்டும் செங்குத்தான ஒரு கோடாக நிற்கிறார். அருகே வரமளிக்கும் கையோடு நான்கு கைச் சிவபெருமான், பூதகணங்கள் சூழ, அவரைவிடப் பெரிய உருவமாக நிற்கிறார். முக்கியத்துவத்துக்கு ஏற்ப உருவத்தின் அளவை ஏற்றி இறக்குவது உலகின் பல பழைய கலைகளில் காணப்படும் முறை. எகிப்தின் அரசர்களும் அப்படித்தான் வரையப்பட்டார்கள். கீழே ஒரு சிறு கோயில். அதனுள் திருமால், உடலில் எந்த வளைவும் இல்லாமல் நேராக நிற்கிறார். நம் சிற்ப மரபு இத்தகைய நிலையைச் சமபங்கம் என்றும், இலேசான வளைவை ஆபங்கம் என்றும், மூன்று வளைவுகள் உள்ள நிலையைத் திரிபங்கம் என்றும் சொல்லும். ஊரிலுள்ள அரசு சிற்பக் கல்லூரியில் இன்றும் மாணவர்கள் இச்சொற்களோடுதான் வரைகிறார்கள். முகத்தின் நீளத்தைத் தாலம் என்று கொண்டு, உத்தம தசதாலம் என்னும் பத்துத் தால அளவில் முழு உயரத்தை 124 பாகங்களாகப் பிரிக்கும் கணக்கையும் கற்கிறார்கள். விகிதம் என்ற கருத்தை இவ்வளவு நுணுக்கமாக அளந்து வைத்திருக்கும் மரபு நம்மிடமே இருக்க, வடிவமைப்புப் பாடத்தில் விகிதம் என்றதும் கிரேக்கத்தின் பொன் விகிதத்தை மட்டும் சொல்லி முடித்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

இப்போது பிளவுக்கு வலப்பக்கம், யானைகளின் கீழே பாருங்கள். முன்னே நிற்கும் பெரிய களிற்றின் அருகே ஒரு பூனை, பின்னங்கால்களில் எழுந்து, முன்னங்கால்கள் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கித் தவம் செய்கிறது. அதைச் சுற்றி எலிகள். தவசியாக நடித்து எலிகளை ஏமாற்றிய பூனையின் கதை மகாபாரதத்திலேயே உண்டு என்பதால், சிற்பிகள் எதை மனத்தில் வைத்தார்கள் என்பது புரிகிறது. வருகிறவர்கள் எல்லாரும் இந்தப் பூனையைக் கண்டு சிரிக்கிறார்கள். வழிகாட்டிகளும் அதைத் தவறாமல் காட்டுகிறார்கள். அமைப்பின் கண்ணோடு பார்த்தால் பூனை செய்யும் வேலை இன்னும் பெரியது. இடப்பக்கம் மேலே மனிதத் தவசியின் உயர்ந்த கைகள். வலப்பக்கம் கீழே பூனையின் உயர்ந்த கைகள். ஒரே செங்குத்து வடிவம், வெவ்வேறு அளவுகளில், ஆற்றுக்கு இக்கரையிலும் அக்கரையிலும். செய்யுளில் எதுகை அடிகளை இணைப்பது போல இந்த ஒத்த வடிவம் இரு பாறைகளையும் குறுக்காக இணைக்கிறது. கதைக்கு வெளியே இருக்கும் ஒரு வேடிக்கை என்று நினைத்துப் பூனையை நீக்கிவிட்டால், வலப்பாறை இடப்பாறையோடு பேசும் ஒரு வழி அடைபட்டுப் போகும்.

யானைகள் சமநிலையைப் பற்றிய பாடம். பெரிய களிறு, அதன் பின்னே பிடி, அவற்றின் கால்களுக்கிடையே கன்றுகள். உண்மையான யானையின் அளவை நெருங்கும் அந்த உடல்கள் வலப்பக்கத்தின் கீழ்ப்பகுதியை ஏறத்தாழ முழுமையாக எடுத்துக்கொள்கின்றன. இடப்பக்கத்திலோ அந்த அளவுக்குப் பெரிய உருவம் எதுவும் இல்லை. தவசி, சிவபெருமான், பூதகணங்கள், சிறு கோயில், அதன் முன்னே அமர்ந்திருக்கும் முனிவர்கள், ஆற்றங்கரையில் நீராடி எழுந்தவர்கள், மான்கள் என்று எண்ணிக்கையிலும் நுணுக்கத்திலும்தான் அந்தப் பக்கம் நிறைந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் வருவது எளிய சமச்சீர். இங்கே ஒரு பக்கத்தின் பருமனை மறு பக்கத்தின் நெருக்கம் ஈடு செய்கிறது. கண்ணுக்குக் கனமாகப் படுவது பருமன் மட்டும் அன்று. மனித முகம், கோயில் போன்ற செறிவான நுணுக்கம், கதையின் முக்கிய நிகழ்வு ஆகியவையும் கனமே. பக்க வடிவமைப்பில் ஒரு பெரிய நிழற்படத்துக்கு எதிரே நான்கு வரித் தலைப்பை வைத்துச் சமன் செய்யும்போதெல்லாம் இந்த யானைகள்தாம் என் நினைவில் நிற்கின்றன.

யானைகளின் உடலில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவற்றின் மேற்பரப்பு அகலமாகவும் வழவழப்பாகவும் விடப்பட்டிருக்கிறது. இத்தனை கூட்டத்துக்கு நடுவே கண் இளைப்பாறும் இடம் அதுதான். நுணுக்கம் நுணுக்கமாகத் தெரிய வேண்டுமானால் அதன் அருகே நுணுக்கமற்ற பரப்பு இருந்தாக வேண்டும். முரண் என்ற நெறியின் பயன் இதுவே. ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் யானைகளில் பின்னே நிற்பதைச் சிறியதாக்காமல், முன்னே நிற்பதால் அதன் ஒரு பகுதியை மறைத்தே ஆழம் காட்டியிருக்கிறார்கள். மேலைநாட்டுத் தொலைநோக்கு வரைமுறையை மட்டும் ஆழத்துக்கு வழியென்று கற்றவர்களுக்கு இது நல்ல மருந்து.

நம் மரபு நூல்கள், எல்லாப் பக்கமும் திரண்டு நிற்கும் உருவத்தைச் சித்திரம் என்றும், பாதி திரண்டு பின்புலத்தோடு ஒட்டி நிற்பதை அர்த்தசித்திரம் என்றும், சுவரிலோ துணியிலோ வரையப்படுவதைச் சித்திராபாசம் என்றும் வகைப்படுத்துகின்றன. தபசுப் பாறை அர்த்தசித்திரம். முழுச் சித்திரத்தைப் பார்க்க விரும்பினால் அதே ஊரில், ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டிருக்கும் குரங்குக் குடும்பம் இருக்கிறது. அதைச் சுற்றிவந்து பார்க்கலாம், ஒவ்வோர் அடிக்கும் வெளிக்கோடு மாறும். அர்த்தசித்திரத்தில் வெளிக்கோட்டைச் சிற்பியே முடிவு செய்துவிடுகிறார். மாறுவது வெயில் மட்டுமே. பாறை கிழக்கு நோக்கியது. சூரியன் எழுந்தவுடன் ஒளி நேராக முகத்தில் அடிப்பதால் உருவங்கள் சற்றுத் தட்டையாகத் தெரியும். வெயில் ஏற ஏற, ஒளி மேலிருந்து சரிந்து விழுந்து, மடங்கிய கால்களின் அடியிலும் யானைகளின் வயிற்றின் கீழும் நிழல் சேர்கிறது. திரட்சி முழுமையாக வெளிப்படுவது அந்த நேரத்தில்தான். பிற்பகலில் பாறை தன் நிழலிலேயே நின்றுவிடும். நிறம் இல்லாத இந்தக் கல்லில் எல்லாப் பொறுப்பும் ஒளிநிழலின் மேல் விழுகிறது. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் சுதைப்பூச்சின் மேல் தீட்டிய பல்லவர் காலத்து வண்ணங்களின் எச்சங்களை இன்றும் காணலாம். நிறம் வந்ததும் கோட்டின் வேலை எப்படிக் குறைகிறது என்பதை அங்கே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

மாணவர்களிடம் நான் சொல்லும் பயிற்சி எளியது. கண்களைப் பாதி மூடிக்கொண்டு பாறையைப் பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து வெளிச்சத் திட்டுகளும் இருட்டுத் திட்டுகளும் மட்டும் மிஞ்சும். அந்தத் திட்டுகளை முதலில் வரையுங்கள். அதன் பிறகு, உருவங்களைத் தொடாமல், உருவங்களுக்கிடையே உள்ள இடைவெளிகளின் வடிவங்களை மட்டும் வரையுங்கள். தவசியின் உயர்ந்த கைகளுக்கும் தலைக்கும் இடையே ஒரு சிறு வெளி, களிற்றின் துதிக்கைக்கும் முன்காலுக்கும் இடையே ஒரு நீண்ட வெளி. இந்த வெளிகளைச் சரியாகப் பிடித்துவிட்டால் உருவங்கள் தாமாகவே சரியான அளவில் வந்து அமைகின்றன. அதற்குப் பிறகுதான் நுணுக்கங்களுக்குப் போகச் சொல்வேன். கோயிலின் கீழே தன் பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொள்ளும் மானையும், ஆற்றங்கரையில் நனைந்த துணியை முறுக்கிப் பிழியும் மனிதரையும் வரைய ஒரு முழுக் காலைப் பொழுது வேண்டும். துணியின் முறுக்கு, அதைப் பிடித்திருக்கும் கைகளின் எதிரெதிர்த் திருப்பம் ஆகியவை கல்லில் இவ்வளவு இயல்பாக வந்திருப்பதை வரைந்து பார்த்தால்தான் உணர முடியும்.

அதே தெருவில் சில அடிகள் தள்ளி இருக்கும் கிருஷ்ண மண்டபத்துக்குச் சென்றால், அமைப்பு எவ்வளவு தூரம் பார்வையின் தொலைவைச் சார்ந்தது என்பது விளங்கும். கோவர்த்தன மலையைத் தூக்கி நிற்கும் கண்ணன், பால் கறக்கும் ஆயர், கறக்கும்போதே தன் கன்றை நக்கும் பசு என அங்குள்ள புடைப்புச் சிற்பம் அமைதியான, கிடைமட்டமான ஓட்டம் கொண்டது. அங்கே பிளவு இல்லை. ஆகவே அவசரமும் இல்லை, ஒரே புள்ளியை நோக்கிய திரளும் இல்லை. முதலில் திறந்த வெளியில் இருந்த அந்தச் சிற்பத்துக்கு முன்னால் விஜயநகரக் காலத்தில் தூண் மண்டபம் கட்டப்பட்டது. பாதுகாப்புக்கு அது உதவியிருக்கும். ஆனால் செதுக்கியவர்கள் கணக்கில் கொண்ட வெயில் போய்விட்டது. பின்னே நகர்ந்து முழுவதையும் ஒரே பார்வையில் காணும் வாய்ப்பைத் தூண்கள் தடுக்கின்றன. ஒரு படைப்பு எவ்வளவு தொலைவிலிருந்து, எந்த ஒளியில் பார்க்கப்பட வேண்டும் என்பதும் அப்படைப்பின் ஒரு பகுதி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பசுவும் கன்றும் மட்டும் இந்த மாற்றத்தால் பெரிதும் இழக்கவில்லை. அவை அருகே நின்று பார்ப்பதற்கென்றே செதுக்கப்பட்டவை.

மீண்டும் தபசுப் பாறையின் முன்னே வந்து நிற்பவர்கள் இடக்கீழ்ப் பகுதியைத் தவறவிட்டுவிடக் கூடாது. அங்கே பாறை முற்றுப்பெறாமல் விடப்பட்டிருக்கிறது. மேலே முடிந்தும் கீழே முடியாமலும் இருப்பதிலிருந்து வேலை மேலிருந்து கீழாக நடந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். இதே கருவில் தொடங்கிப் பாதியில் நின்றுபோன இன்னொரு பாறையும் ஊரில் உண்டு. உருவம் கல்லிலிருந்து படிப்படியாக எப்படி வெளியே எடுக்கப்பட்டது என்பதை அங்கே நிதானமாகப் பார்க்கலாம். தபசுப் பாறையில் அந்த இடக்கீழ் மூலையில் என்னென்ன உருவங்கள் வரவிருந்தன என்று மாணவர்களை வரைந்து பார்க்கச் சொல்வேன். பலரும் யானைகளுக்கு நிகரான பெரிய விலங்குகளைக் கொண்டுவந்து வைத்து இரு பக்கத்தையும் சமச்சீராக்கிவிடுகிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. பெரிய உருவம் ஒன்று அங்கே வந்தால் கோயிலும் முனிவர்களும் மான்களும் அதன் அருகில் சிறுத்துப்போவார்கள். கண்ணும் ஆற்றை விட்டு ஓரத்துக்கு நழுவும். சிறிய உருவங்கள், நெருக்கமான வரிசையில், ஆற்றை நோக்கி நடந்து வருபவையாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. எனக்குச் சரியென்று பட்ட விடையை வரைந்தவர் ஒரே ஒருவர்: யானைகள் எவற்றையும் சேர்க்காமல், குடத்தைத் தோளில் சுமந்து கரைக்கு வரும் மனிதர்களின் வரிசை ஒன்றை, ஒவ்வொருவருக்கும் இடையே வெவ்வேறு இடைவெளி விட்டு வரைந்திருந்தார்.